உயிரோடிருக்கும் ஓவியர்களின் படங்கள்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் அப்பா நடத்தியது பிரேம் கடை. சாமி படம், கல்யாண போட்டோ, டிகிரி சர்டிபிகேட், இறந்தவர் படம், இந்த நான்குக்கும் கண்ணாடி போட்டே எங்களை வளர்த்தார். கடை என் கைக்கு வந்த பிறகு ஒரு பக்கச் சுவரைக் காலி செய்து, நம் பக்கத்தில் இப்போது வரைந்துகொண்டிருக்கிறவர்களின் படங்களை மாட்டி விற்க ஆரம்பித்தேன். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு போனவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எந்த மாதிரிப் படங்கள் இருக்கும்? வரைகிறவர்கள் யார்?

இரண்டே நிபந்தனைதான் வைத்திருக்கிறேன். வரைந்தவர் உயிரோடு இருக்க வேண்டும்; ஒரு பஸ் பிடித்தால் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம், களக்காடு, சங்கரன்கோவில், திசையன்விளை, இப்படி. சிலர் சென்னையிலோ கும்பகோணத்திலோ அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள். சிலர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, எனக்குப் பிடித்த கூட்டம் அதுதான். முன்பெல்லாம் எந்தச் சின்ன ஊரிலும் ‘ஆர்ட்ஸ்’ என்று பெயர் முடிகிற ஒரு கடை இருக்கும். கடைப் பலகை, கட்சிச் சுவர், சினிமா பேனர், திருவிழா வளைவு எல்லாம் அங்கேதான். ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கடைகளைத் துடைத்துவிட்டது. பலர் வெள்ளையடிக்கப் போனார்கள், சிலர் ஆட்டோ வாங்கினார்கள், ஒன்றிரண்டு பேர் மட்டும் கேன்வாஸ் பக்கம் வந்தார்கள். இருபது அடி முகத்தைக் கட்டம் போட்டு வரைந்த கை அது. இரண்டடிப் படம் வரையும்போதும் மணிக்கட்டை அசைக்க மாட்டார்கள், தோளிலிருந்து இழுப்பார்கள். படத்தின் முன்னால் நின்றால் அந்த இழுப்பு தெரியும்.

என்ன வரைகிறார்கள் என்றால்: ஆனித் தேர், குறுக்குத்துறை முருகன் கோயில், பொதிகை மலையடி வயல், தேரிக்காட்டுச் செம்மண், முகங்கள், அப்புறம் எதுவென்று சொல்ல முடியாத வண்ணங்கள். சுலோசன முதலியார் பாலத்தை வரையாத ஆளே கிடையாது. 1843-இல் திறந்த பாலம். வளைவும் அதன் நிழலும் ஆற்றில் சேர்ந்து வட்டமாகத் தெரிவதால் எல்லோருக்கும் ஒரு ஆசை. வருஷத்துக்கு இரண்டு பாலத்துக்கு மேல் நான் எடுப்பதில்லை.

கொண்டையராஜு படம் கிடைக்குமா?

வாரம் ஒருவராவது கேட்கிறார். சி. கொண்டையராஜு 1976-இல் காலமானார். நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்துகொண்டு வந்தவர் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம், 1986-இல்தான் தூத்துக்குடியோடு போனது. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பூஜை அறைக்குள் போனார்கள். அப்பா போட்ட கண்ணாடியில் பாதி அவர்கள் படத்துக்குத்தான் போட்டது. பழைய காலண்டர் அச்சு வைத்திருந்தால் கொண்டுவாருங்கள், நல்லபடியாகப் பிரேம் போட்டுத் தருகிறேன். விற்பதற்கு என்னிடம் இல்லை.

இது கையால் வரைந்ததா, பிரிண்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஊரில் ‘ஹேண்ட்மேட்’ என்று சொல்லிக் கேன்வாஸ் பிரிண்டை விற்பது நடக்கிறது. பிரிண்டின் மேல் தெளிவான பசையைப் பிரஷ்ஷால் இழுத்துவிட்டால், தடவிப் பார்க்கிறவருக்குத் தீற்றல் மாதிரியே தட்டுப்படும்.

முதலில், போன் டார்ச்சைப் போட்டு, படத்துக்கு நேராகப் பிடிக்காமல் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். கையால் தீட்டிய படத்தில் மேடும் பள்ளமும் உருவத்தோடு ஒட்டி ஓடும். வாழை இலை என்றால் இலையின் நரம்பு போகிற போக்கிலேயே தீற்றலும் போகும். பிரிண்டின் மேல் பசை தடவியதில் தீற்றல் ஒரு பக்கம் போகும், இலை வேறு பக்கம் போகும். இதை ஒருமுறை பார்த்துவிட்டீர்கள் என்றால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

அடுத்து, கடிகாரக் கடைக்காரர் வைத்திருப்பாரே, அந்த லென்ஸ். பிரிண்டில் நிறம் சின்னச் சின்னப் புள்ளியாக உடையும். பச்சை என்று நினைத்த இடத்தில் நீலமும் மஞ்சளும் தனித்தனிப் புள்ளியாக நிற்கும். வரைந்ததில் புள்ளி இருக்காது.

பிரேம் போடாத கேன்வாஸ் என்றால் ஓரத்தைப் பாருங்கள். வரைகிறவரின் பிரஷ் மூலை தாண்டி ஓடியிருக்கும். ஆணி அடித்த பக்கத்தில் சாயம் சிந்தியிருக்கும். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பின்னாலிருந்தும் பார்க்கலாம். கையால் பூசியதில் வெளிச்சம் திட்டுத் திட்டாக வரும், பிரிண்டில் ஒரே சீராக வரும்.

இதெல்லாம் முடியாதென்றால் இருக்கவே இருக்கிறது நேர் வழி: வரைந்தவரிடம் பேசிப் பாருங்கள். இந்த மஞ்சளை முதலில் வைத்தீர்களா கடைசியிலா என்று கேளுங்கள். வரைந்தவர் என்றால் அரைமணி நேரம் விடமாட்டார்.

லினோ கட், எட்சிங் என்று எழுதியிருக்கிறதே, அதுவும் பிரிண்ட்தானே?

இல்லை, அது வேறு. ஓவியரே பலகையிலோ லினோலியத்திலோ செதுக்கி, எட்சிங் என்றால் உலோகத் தகட்டில் கீறி அமிலத்தால் அரிக்கவைத்து, மை தடவி, தன் கையால் தாளில் ஒற்றி எடுப்பது. கீழே பென்சிலில் 3/25 என்று இருந்தால், மொத்தம் எடுத்த இருபத்தைந்தில் இது மூன்றாவது. பக்கத்தில் கையெழுத்தும் பென்சிலிலேயே இருக்கும். குறைந்த பணத்தில் ஒரு நல்ல கையின் வேலை வேண்டும் என்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். மாணவர்கள், புதிதாய்க் கல்யாணம் ஆனவர்கள் பெரும்பாலும் இதோடுதான் ஆரம்பிக்கிறார்கள்.

விலை எப்படிப் போடுகிறார்கள்?

பலர் சதுர அங்குலக் கணக்கில் போடுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒருவர் தன் அக்ரிலிக் வேலைக்கு அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்திருந்தால், 24-க்கு 36 அங்குலப் படம் 864 சதுர அங்குலம், ஆக 17,280 ரூபாய். பிரேம் தனி. துணிக்கடைக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நல்ல படம், சுமாரான படம் என்று ஓவியரே தன் பிள்ளைகளுக்குள் பேதம் பார்க்க வேண்டியதில்லை. வாங்குகிறவருக்கும் ஆளுக்கொரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் வராது. அனுபவம் கூடக்கூட, படங்கள் விற்க விற்க, அங்குலத்தின் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள்.

மிகச் சின்னப் படத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. உள்ளங்கையளவு படத்துக்கு ஒரு வாரம் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும்.

பேரம் பேசலாமா?

இருட்டுக்கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்று அல்வா வாங்குகிறவர் யாரும் அங்கே பேரம் பேசிக் கேட்டதில்லை. சரி, ஒரே ஓவியரிடம் இரண்டு மூன்று படம் எடுத்தால் கேட்டுப் பார்க்கிறேன். தவணையில் கட்டுகிறேன் என்றால் தாராளமாக, மூன்று மாதம் வரை.

கடைக்கு எவ்வளவு போகிறது?

நூற்றுக்கு இருபத்தைந்து. பெருநகர கேலரிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுப்பது வழக்கம். அவர்களுக்கு வாடகை, ஏசி, அழைப்பிதழ், திறப்பு விழா டீ எல்லாம் இருக்கிறது. எனக்கு இருப்பது பிரேம் கடையின் ஒரு சுவர். உங்களிடம் வாங்குகிற பணம் எவ்வளவு, ஓவியருக்குப் போவது எவ்வளவு என்பதை ஒரே ரசீதில் எழுதித் தருகிறேன்.

படத்தை வாங்கிவிட்டால் காப்பிரைட்டும் எனக்கு வந்துவிடுமா? கல்யாணப் பத்திரிகையில் போடலாமா?

வராது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் தானாக வரைந்து விற்ற படத்தில் உங்களுக்கு வருவது அந்தப் பொருள் மட்டும். வீட்டில் மாட்டலாம், அன்பளிப்பாகத் தரலாம், விற்கலாம். அச்சடிக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பின் இன்னும் அறுபது வருஷம் அவர் வாரிசுகளிடம் இருக்கும். பத்திரிகையில், காலண்டரில், கடை டப்பாவில் போட வேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பெரும்பாலும் தந்துவிடுவார்கள். கேட்காமல் போட்டால்தான் சங்கடம். என்னிடம் வாங்கிய தேர்ப் படத்தை ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அடித்துவிட்டார். ஓவியருக்கு அது தெரிந்தது பந்தியில், பக்கத்து இலைக்காரர் கையில் பத்திரிகையைப் பார்த்தபோது. நல்ல மனுஷர், சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையே விற்றுப்போனாலும், தன் படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் கேள்வி கேட்கும் உரிமை ஓவியருக்குச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் இருக்கிறது. டெல்லி விக்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆக, சோபா அளவுக்குப் பொருந்தவில்லை என்று கேன்வாஸின் ஓரத்தை வெட்டிக் கேட்டு என்னிடம் வராதீர்கள். வந்திருக்கிறார்கள்.

அப்பா போட்டோவைக் கொடுத்தால் வரைந்து தருவார்களா?

தருவார்கள். பாதிப் பணம் முன்கூட்டி. முதலில் பென்சிலில் முகத்தை மட்டும் வரைந்து காட்டுவார். அந்த இடத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். வண்ணம் ஏறிய பிறகு மூக்கைத் திருத்தச் சொன்னால் ஓவியருக்கும் கஷ்டம், மூக்குக்கும் கஷ்டம். இப்படிச் சொல்லி, பணம் கொடுத்து வரையவைத்த படத்தில், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, காப்பிரைட் உங்களுடையது. முந்தின பதிலுக்கு இது நேர் எதிர், சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

போட்டோ எவ்வளவு தெளிவோ அவ்வளவு நல்லது. ஆனாலும் கையில் இருப்பதைத்தானே கொண்டுவர முடியும்? வீரவநல்லூரிலிருந்து ஒரு ஆச்சி பழைய ரேஷன் கார்டை மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். தாத்தாவுக்கு இருந்த ஒரே போட்டோ அதுதான், கட்டைவிரல் அளவு. தாடை மேல் பாதி முத்திரை. ஓவியர் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகனை வரச்சொல்லி நாற்காலியில் உட்காரவைத்துத் தாடையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பென்சில் படத்தை ஆச்சியிடம் காட்டினோம். கண், நெற்றி எல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தவர்கள் தாடைக்கு வந்ததும் நிறுத்தி, “இது எம் மவன் தாடைல்லா” என்றார்கள். அப்புறம் அவர்களே சொல்லச் சொல்ல மாற்றினார்: கொஞ்சம் ஒடுக்கம், நடுவில் ஒரு சின்னக் குழி, ஷேவ் செய்யாத நாலு நாள் நரை. ஒரு மெஷினிடம் கொடுத்திருந்தால் மகன் தாடையோடுதான் தாத்தா சுவரில் தொங்கியிருப்பார்.

ஏ.ஐ. போட்டு எடுத்த படம் வைத்திருக்கிறீர்களா?

இல்லை.

ஆயில், அக்ரிலிக், வாட்டர்கலர்: எதை வாங்குவது?

எது பிடிக்கிறதோ அது. நம் ஊர் வீட்டுக்கு எது தாங்கும் என்று கேட்டால் பதில் சொல்லலாம். அக்ரிலிக் சீக்கிரம் காயும், நெகிழ்ந்து கொடுக்கும், கவலை குறைவு. ஆயில் தொட்டால் ஒட்டாத பதத்துக்குச் சில நாளில் வந்தாலும் உள்ளே ஆளி விதை எண்ணெய் இறுகி முடிய மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் வார்னிஷ் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துப் பூசுகிறார்கள். புதிய ஆயில் படம் வாங்கினால் வார்னிஷுக்கு ஒருமுறை திரும்பக் கொண்டுவரச் சொல்வேன், அதற்குக் காசில்லை. வாட்டர்கலர் தாளில் இருப்பதால் ஈரத்துக்கும் பூச்சிக்கும் பயப்பட வேண்டும். ஆனால் தாமிரபரணியின் காலை வெளிச்சம் அதில் இறங்குவது போல வேறு எதிலும் இறங்காது, அது என் கட்சி. தாள் பருத்திக் கூழில் செய்த 300 ஜி.எஸ்.எம். தாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதா டிராயிங் தாள் சில வருஷத்திலேயே பழுப்பேறும்.

எந்தச் சுவரில் மாட்டலாம்?

படம் கெடுவதில் பாதி இங்கேதான் நடக்கிறது. நம் வீடுகளுக்கு மேற்கு வெயிலும் ஓதமும் இரண்டு எதிரிகள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நேரே விழுகிற சுவர் வேண்டாம். ரோஸும் பளபளக்கிற ஃப்ளோரசன்ட் நிறங்களும்தான் முதலில் வெளுக்கும். மாடிக் குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள சுவர், உப்புப் பூத்து உதிர்கிற சுவர், எதுவும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் அங்கே படம் மாட்டாதீர்கள். தென்காசி, குற்றாலம் பக்கத்து வீடுகளில் சாரல் மாதங்களில் இதைச் செய்து பார்க்க வேண்டும். நெல்லையில் ஐப்பசி, கார்த்திகையில்.

நல்ல சுவரென்றாலும் பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்னால் அரை அங்குல ரப்பர் துண்டு ஒட்டித் தருகிறேன். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். அந்தச் சந்தில் பல்லி முட்டை வைக்கும் என்பதும் உண்மைதான். வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றித் தட்டிவிடுங்கள். பூஜை அறை வாசலுக்கு நேரே மாட்டினால் சூடப் புகை படியும்.

தரையில் அடுக்கி வைக்காதீர்கள், கட்டிலுக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் ஆறு ஊருக்குள் வந்தபோது சிந்துபூந்துறைப் பக்கம் ஒரு ஓவியரின் வீட்டுக்குள்ளும் வந்தது. இருபது வருஷ வேலை கட்டிலுக்கடியில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நானும் போனேன். வாட்டர்கலர்கள் ஒரே மண்ணிறக் கட்டியாக ஒட்டிப்போய்ப் பிரிக்கவே முடியவில்லை. ஆயில் படங்களில் துணி சுருங்கி, காய்ந்தபோது சாயம் செதில் செதிலாக எழும்பியது. அக்ரிலிக்குகளை மட்டும் நல்ல தண்ணீர் விட்டுச் சேற்றைக் கழுவி, நிழலில் சாய்த்துக் காயவைத்துச் சட்டம் மாற்றினோம். அவற்றில் மூன்று இன்னும் என் சுவரில் இருக்கின்றன. ஒன்றின் அடிவிளிம்பில் மணல் கோடு போகவில்லை, அதைத் துடைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பிரேம் நீங்கள்தான் போட வேண்டுமா?

எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், பக்கத்தில் நின்று போட்டுக்கொள்ளுங்கள். பிரேம் கடைக்காரன் மகனே ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. சென்னையில் வேலை பார்த்த நாட்களில் என் வாழ்க்கையிலேயே முதன்முதலாக ஒரு வாட்டர்கலர் வாங்கி, பக்கத்திலிருந்த ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். சுருக்கம் விழாமல் இருக்கட்டும் என்று அந்த ஆள் படத்தின் முதுகு முழுக்கப் பசை பூசிப் பிளைவுட்டில் அமுக்கி ஒட்டிவிட்டார். ஆறு மாதத்தில் நடுவில் குமிழி எழும்பியது, பசை போன வழியெல்லாம் மஞ்சள். ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கொடுத்துவிட்டார். இரண்டு அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான். தாளில் வரைந்த படத்தை மேல் விளிம்பில் இரண்டே இடத்தில் தொங்கவிட வேண்டும், ஒட்டித் தீர்க்கக் கூடாது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு, அதாவது படம் தெரிய நடுவில் வெட்டிய கெட்டி அட்டை, வேண்டும். கண்ணாடியைத் தொட்டால் ஈரத்தில் சாயம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். பின்னால் செய்தித்தாள் வைத்து அடைக்கக் கூடாது. அந்தத் தாளின் பழுப்பு படத்துக்கும் ஏறும், ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. கேன்வாஸில் உள்ள ஆயில், அக்ரிலிக்குக்குக் கண்ணாடி தேவையில்லை, பீடிங் சட்டம் போதும்.

எப்படித் துடைப்பது?

உலர்ந்த மெல்லிய பிரஷ். ஈரத்துணி வேண்டாம், கொலின் மாதிரி எதையும் படத்தின் மேல் அடிக்காதீர்கள். கண்ணாடி போட்ட படமென்றால் துணியில் அடித்துக்கொண்டு துடையுங்கள். ஆயில் படத்தை உருளைக்கிழங்குத் துண்டால் தேய்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

புரியாத படங்களும் மாட்டியிருக்கிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

ஒன்றைச் சொல்கிறேன். நாலடிக்கு மூன்றடி, கிட்டத்தட்ட முழுக்கச் சிவப்பு. மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிய நீலம். அவ்வளவுதான் படம். வருகிறவர்கள் எல்லாம் “என்ன இது, பெயின்ட் ஷேட் கார்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு பனையேறி வந்தார், பேரன் போட்டோவுக்குப் பிரேம் போட. நின்றார், பார்த்தார். “தேரி. மத்தியானம்” என்றார். கிட்டப் போய்ப் பார்த்தால் சிவப்பு ஒரே சிவப்பு இல்லை. கீழே காவி, நடுவில் செங்கல், மேலே போகப்போக வெயில் வெளுத்த ஆரஞ்சு. காற்று மண்ணை வரித்த மாதிரி பிரஷ்ஷின் பின்கட்டையால் கீறிய கோடுகள். வரைந்தவர் அந்த மண்ணையே சலித்துச் சாயத்தில் கலந்திருக்கிறார். என்ன இருக்கிறது என்று தேடாமல், எங்கே நின்றுகொண்டு வரைந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பாலத்தைப் பார்க்கலாம்.

படம் பார்த்துப் பழக இந்தப் பக்கத்தில் எங்கே போகலாம்?

குற்றாலம் சித்திர சபைக்குப் போங்கள். அருவியில் குளித்துவிட்டு நேரே பரோட்டாக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் நம் நெல்லையப்பர் கோயிலில் இருப்பது தாமிர சபை. குற்றாலத்தில் நடராசர் ஓவியமாகவே சுவரில் நின்று பூஜை வாங்குகிறார். ஓவியத்தையே மூலவராக வைத்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ‘நமக்கு ஓவியம் பழக்கமில்லை’ என்று சொல்கிறோம்.

அடுத்து, திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்தின் உள்ளே நிலை நிலையாக மரச் சிற்பமும் சுவர் ஓவியமும். குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்று இருக்கிறது, அதைத் தவற விடாதீர்கள். மேலே ஏற அனுமதி கேட்க வேண்டும், உள்ளே இருட்டு, சுவரில் கை வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா? சிலை கடத்தல் என்று பிடிப்பார்களா?

சிரிப்பதற்கில்லை, பயந்து கேட்கிறார்கள். 1972-ஆம் வருஷத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளையும், அரசு ‘கலைச் செல்வம்’ என்று அறிவித்த சிலருடைய படைப்புகளையும்தான் வெளியே விடாமல் தடுக்கிறது. ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவர் படைப்பை அப்படி அறிவிக்கவே முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே தைரியமாக அனுப்பலாம். பார்சலுக்குள் ரசீதும், வரைந்தவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் வையுங்கள்: பெயர், படத்தின் தலைப்பு, வருஷம், அளவு, எதில் வரைந்தது.

கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி அகலமான குழாயில் சுற்றித் தருவேன், சாயம் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி. உள்பக்கமாகச் சுருட்டினால் சாயம் நசுங்கி வெடிக்கும். ஆயில் முழுக்க இறுகாமல் சுருட்ட மாட்டேன், தீபாவளிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படுத்தினாலும்.

இப்போது வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறுமா?

நிலம் வாங்குங்கள். இல்லையென்றால் தங்கம். உயிரோடிருக்கும் ஓவியர்களில் பெரும்பாலானவர்களின் படம் வாங்கிய விலைக்குத் திரும்ப விற்பதே கஷ்டம், ஏலத்தில் கோடிக்குப் போகிறது என்று பேப்பரில் வருவது விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள். பத்து வருஷம் கழித்து ஏறினால் சந்தோஷம். அதுவரை தினமும் காலையில் காப்பியோடு பார்க்கத் தோன்றுகிற படமா என்று மட்டும் பாருங்கள்.

ஏறி, விற்கவும் விற்றால் இரண்டு விஷயம். வீட்டுச் சாமான் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்பார்களே, ஓவியம் அந்தச் சலுகையில் சேராது, லாபத்துக்கு வரி உண்டு. மற்றது, பதிப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவு: மூலப் படத்தை 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்தால், முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கு அதில் ஒரு பங்கு கேட்க உரிமை இருக்கிறது, அதிகபட்சம் நூற்றுக்குப் பத்து. நடைமுறையில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கொடுத்துவிடுங்கள், நீங்கள் லாபம் பார்த்தது அவர் அதற்குப் பிறகும் விடாமல் வரைந்ததால்தான்.

ஜி.எஸ்.டி. உண்டா?

கையால் வரைந்த ஓவியத்துக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்று, வருஷ வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டாதவர் பதிவு செய்ய வேண்டியதில்லை; எங்கள் ஓவியர்கள் எவரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வாங்கிப் போய் வீட்டில் பிடிக்கவில்லை என்றால்?

பத்து நாள் மாட்டிப் பாருங்கள். கடை டியூப்லைட்டில் ஒரு மாதிரி, உங்கள் கூடத்து வெளிச்சத்தில் வேறு மாதிரி இருக்கும். கீறல், கறை இல்லாமல் திரும்ப வந்தால் முழுப் பணம். சொல்லி வரைந்த படத்துக்கு இது கிடையாது.

நானும் வரைகிறேன் அண்ணாச்சி, என் படத்தை வைப்பீர்களா?

கொண்டுவாருங்கள். போட்டோ அனுப்பாதீர்கள், படத்தையே கொண்டுவாருங்கள், நாலைந்தாவது. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. இணையத்தில் பார்த்து வரைந்தது, இன்னொருவர் போட்டோவை அப்படியே எடுத்தது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதை விற்பனைக்கு வைக்க முடியாது, ஆனாலும் கையைப் பார்க்கலாம். படத்தின் பின்னால் உங்கள் பெயர், வருஷம், என்ன சாயம், என்ன தாள் என்று பென்சிலில் எழுதியிருக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான், அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.